லிட்டில் கிடிங்: ஆடுகள் காலிசெய்த ஊர்

கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு வடமேற்கே, ஒரு காலத்தில் ஹன்டிங்டன்ஷயர் என்று தனி மாவட்டமாக இருந்து 1974 முதல் கேம்பிரிட்ஜ்ஷயருக்குள் அடங்கிவிட்ட பகுதியில், கிடிங் என்ற பெயரைப் பங்குபோட்டுக்கொண்ட மூன்று ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிரேட் கிடிங் ஓரளவு பெரிய கிராமம். அதன் தேவாலயத்தில், 1614ஆம் ஆண்டைத் தாங்கிய மரப்பலகை ஒன்றில், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே சொற்கள் வருகிற லத்தீன் எழுத்துச் சதுரம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீப்பிள் கிடிங்கில் வழிபாடு நின்றுபோன தேவாலயத்தை ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. மூன்றாவதான லிட்டில் கிடிங்கை ஊர் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். ஒரு சிறிய தேவாலயம், அதை அடுத்து ஒரு பழைய பண்ணைவீடு, இன்னும் சில வீடுகள், அதற்கப்பால் வயல். கடை கிடையாது, பள்ளி கிடையாது.

இங்கே வருகிறவர்களில் பலரையும் கூட்டிவருவது டி. எஸ். எலியட்டின் கவிதை. 1942இல் வெளியான அந்தக் கவிதைக்கு இவ்வூரின் பெயரே தலைப்பு. உலகத்தை உதறிவிட்டு ஒரு குடும்பம் ஜெபத்தில் மூழ்கியிருந்த இடம், காலம் எட்டிப்பார்க்காத மூலை என்ற எண்ணத்தோடுதான் வாசகர்கள் வந்து இறங்குகிறார்கள். அந்த எண்ணத்தில் பாதிதான் தேறும். இங்கே உள்ள அமைதி உழுதவர்களை வெளியேற்றியதால் கிடைத்த அமைதி. இங்கே குடியேறிய குடும்பமோ கடன், வழக்கு, அரசரின் தயவு, அமெரிக்கக் குடியேற்றம் என்று உலகத்தின் அத்தனை பிடுங்கல்களையும் மூட்டைகட்டிக்கொண்டே வந்தது.

முதலில் நிலம். 1086இல் வெற்றிவேந்தர் வில்லியம் நாடு முழுவதும் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே நூலிலேயே கிடிங் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து சில நூற்றாண்டுகள் இது உழவர் கிராமம். தேவாலயத்தைச் சுற்றியுள்ள புல்வெளியில் அதன் தடயம் இன்னும் அழியவில்லை. வீடுகள் நின்ற மேடைகள், தெருக்களாக இருந்து தேய்ந்து பள்ளமான நீண்ட கோடுகள், அவற்றுக்கு அப்பால் அலையலையாக ஓடும் வரப்புகள். இந்த அலைகள் எருதுகள் உண்டாக்கியவை. இடைக்கால இங்கிலாந்தின் கனத்த கலப்பை மண்ணை ஒரே பக்கமாகத்தான் புரட்டும். ஒரு பட்டையைச் சுற்றிச் சுற்றி உழும்போது மண் ஒவ்வொரு முறையும் நடுவை நோக்கித் தள்ளப்பட, பல தலைமுறைகளில் அந்தப் பட்டை மேடாகவும் இரண்டு பட்டைகளுக்கு இடைப்பட்ட இடம் பள்ளமாகவும் ஆகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் உழவு நின்று புல் மூடிவிட்டால் அந்த வடிவம் அப்படியே தங்கிவிடும். ஆக, வரப்பலை தெரிகிற ஒவ்வொரு புல்வெளியும் ஒரு காலத்தில் உழவு நின்றுபோன நிலம். இப்படிப்பட்ட நிலம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏராளம்.

உழவு ஏன் நின்றது? 1348–49இல் வந்த கொள்ளைநோய் நாடு முழுவதும் கிராமங்களை உலுக்கியது. உயிர்பிழைத்தவர்களின் கூலி ஏறியது. நூறு பேர் உழ வேண்டிய நிலத்தை ஒரு மேய்ப்பனும் ஒரு நாயும் பார்த்துக்கொள்ளலாம் என்றால், கம்பளி விலையும் நன்றாக இருந்தால், நிலப்பிரபு எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை. வேலி போட்டார்கள், குத்தகைகளை முடித்தார்கள், வீடுகளை இடிந்துவிழ விட்டார்கள். கிராமங்கள் காலியாவதைத் தடுக்க 1489இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1517இல் விசாரணைக் குழுக்கள் அனுப்பப்பட்டன. இடையில் 1516இல் வந்த தன் ‘உட்டோப்பியா’வில் தாமஸ் மோர், சாதுவான ஆடுகள் மனிதர்களையே தின்னத் தொடங்கிவிட்டதாகக் கசப்போடு எழுதினார். சட்டமும் விசாரணையும் பெரிதாக எதையும் நிறுத்தவில்லை. 1607இல் பக்கத்து நார்தாம்ப்டன்ஷயரில், நியூட்டன் என்ற ஊரில், வேலிகளைப் பிடுங்கப் போன குடியானவர்கள்மீது நிலவுடைமையாளர்களின் ஆட்கள் பாய்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்.

அது நடந்து பதினெட்டு ஆண்டுகளில் லிட்டில் கிடிங் கைமாறுகிறது. அப்போது அங்கே ஊர் என்று எதுவும் இல்லை. சிதைந்த பெரிய வீடு ஒன்று, மேய்ப்பர் குடிசை, புறாக்கூண்டு, வைக்கோல் அடைத்துவைத்த தேவாலயம். தேவாலயத்தின் ஒரு பகுதி பன்றிக் கொட்டிலாகக்கூடப் பயன்பட்டது என்பார்கள்.

வாங்கியவர் மேரி ஃபெரர், எழுபது வயதைத் தாண்டிய லண்டன் வணிகக் குடும்பத்து விதவை. அவருடைய கணவர், அமெரிக்காவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் பெரும்புள்ளிகளில் ஒருவர். கம்பெனியின் கூட்டங்கள் அவர்கள் வீட்டிலேயே நடந்தன. 1620இல் இறந்தபோது, வர்ஜீனியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைக் கிறித்தவர்களாக்கப் படிக்கவைக்கும் கல்லூரிக்கு 300 பவுண்டு எழுதிவைத்தார். மூத்த மகன்களில் ஒருவரான ஜான் 1619 முதல் கம்பெனியின் துணைத்தலைவர். 1622இல் அந்தப் பதவி தம்பி நிக்கலஸுக்குப் போனது. கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரியில் படித்து, ஐந்து ஆண்டுகள் ஐரோப்பாவைச் சுற்றி, பல மொழிகள் கற்றுத் திரும்பியிருந்த நிக்கலஸுக்கு அப்போது வயது ஏறக்குறைய முப்பதுதான். 1624இல் அரசர் கம்பெனியின் உரிமப்பட்டயத்தைப் பறித்தார். அதே ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்ட நிக்கலஸ், கம்பெனியை வீழ்த்தியவர்களில் முக்கியமானவரென்று ஃபெரர் தரப்பு கருதிய நிதியமைச்சர் கிரான்ஃபீல்டைப் பதவியிறக்கும் வழக்கில் பங்கெடுத்தார். இன்னொரு பக்கம் ஜான் வணிகத்தில் சிக்கித் திவாலாகும் நிலைக்கு வந்திருந்தார். அந்தச் சிக்கலை அவிழ்க்கும் ஏற்பாட்டில் ஒரு பகுதியாகத்தான் லிட்டில் கிடிங் தாயின் பெயருக்கு வந்தது. 1625இல் லண்டனைக் கொள்ளைநோய் தாக்கி முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தபோது குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது. பக்தி அவர்களிடம் நிறைய இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது பக்தியல்ல.

மேரி ஃபெரர் வந்த அன்று நேராகத் தேவாலயத்துக்குப் போனார், வைக்கோலைப் பார்த்தார், அதை வெளியேற்றிச் சுத்தம் செய்யும்வரை வீட்டுக்குள் ஓய்வெடுக்கப் போகவில்லை என்று குடும்ப வரலாறு சொல்கிறது. அடுத்த ஆண்டு நிக்கலஸ் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிஷப் லாடின் கையால் டீக்கனாக அபிஷேகம் பெற்றார். குருவாக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை, கடைசிவரை டீக்கன்தான். ஜானும் அவர் மனைவி பாத்ஷெபாவும், சகோதரி சூசன்னா காலெட்டும் அவருடைய கணவரும் ஒரு படை பிள்ளைகளும், வேலையாட்களும் ஆசிரியர்களுமாக வீட்டில் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள்.

நாள் முழுவதும் மணிக்கணக்குப்படி ஓடியது. மூன்று முறை எல்லோரும் வரிசையாகத் தேவாலயத்துக்குப் போவார்கள். இடைப்பட்ட ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு சிறு குழு கூடிச் சங்கீதங்களும் சுவிசேஷப் பகுதியும் சொல்லும். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை இரண்டு பேர் முறைவைத்து விழித்திருந்து, விவிலியத்தின் 150 சங்கீதங்களையும் சொல்லி முடிப்பார்கள். ஒரு மணிக்கு நிக்கலஸை எழுப்பிவிட்டுப் படுக்கப் போவார்கள். அவருடைய நாள் அந்த ஒரு மணிக்குத் தொடங்கும். சுற்றூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து, மனப்பாடமாக ஒரு சங்கீதம் சொன்னால் ஒரு பென்னி. அதோடு மதியச் சாப்பாடு. ஏழை விதவைகள் நால்வருக்கு வீட்டிலேயே இடம் ஒதுக்கினார்கள். காலெட் பெண்கள் காயங்களுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தார்கள்.

புறாக்கூண்டின் கதை எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. புறா வளர்ப்பு அன்று நிலவுடைமையின் அந்தஸ்து. குளிர்காலத்தில் இறைச்சிக்கும் உதவும். ஃபெரர்கள் புறாக்களை ஒழித்துவிட்டு அந்தக் கட்டடத்தைப் பள்ளிக்கூடமாக்கினார்கள். காரணம், எங்கள் நிலம் முழுக்கப் புல்லாக இருக்கிறது, தானியம் விளைவதில்லை, எங்கள் புறாக்கள் அண்டை வீட்டாரின் வயலில்தான் மேயும், அது நியாயமல்ல என்பது. இத்தனை நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்கள், அந்த நிலம் எப்படிப் புல்லாயிற்று என்ற கணக்கைத் திறக்கவில்லை. வாடகைக்கு விட்ட மேய்ச்சல் நிலத்தின் வருமானத்தில்தான் பிள்ளைகளுக்குப் பென்னியும் விதவைகளுக்குச் சோறும் போயின. இது அவர்களைக் குறைசொல்வதற்காக அல்ல. அன்றைய இங்கிலாந்தில் பக்தியின் வரவுசெலவு இப்படித்தான் ஓடியது.

இந்த வீட்டில் பிறந்த அபூர்வப் பொருள், ஒத்திசைவு நூல்கள் என்று சொல்லத்தக்க விவிலியத் தொகுப்புகள். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் இயேசுவின் கதையைத் தனித்தனியே சொல்கிறார்கள். சில நிகழ்ச்சிகள் எல்லாரிடமும் உண்டு, சில ஒருவரிடம் மட்டும். இந்த நான்கையும் ஒரே ஓட்டமான கதையாகக் கோக்க வேண்டும். ஃபெரர் குடும்பம் அதைப் பேனாவால் செய்யவில்லை. அச்சிட்ட விவிலியங்களை வாங்கி, கத்தியாலும் கத்தரிக்கோலாலும் வரிவரியாக, சில இடங்களில் சொல்சொல்லாக வெட்டி, புதிய வரிசையில் ஒட்டினார்கள். பச்சை வண்ணம் பூசிய சுவர்கள் கொண்ட ஒரு தனி அறை; நடுவே நீண்ட மேசைகள்; காலெட் சகோதரிகள் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள்; பிறகு பெரிய அழுத்துப்பொறியில் தாளைக் கொடுத்து எடுப்பார்கள். ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரியாது. அச்சகத்திலிருந்து அப்படியே வந்த பக்கம் என்று பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வரிகளின் ஓரத்தில் ஏ, பி, சி, டி என்று சிற்றெழுத்துகள், எந்த வாக்கியம் எந்தச் சுவிசேஷத்திலிருந்து வருகிறது என்று காட்டும். ஓட்டமான கதையைப் படிக்கலாம். வேண்டுமென்றால் ஒரே சுவிசேஷகரை மட்டும் பின்தொடர்ந்தும் படிக்கலாம். நெதர்லாந்து, பிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து வந்த செப்புத்தகட்டுப் படங்களையும் வெட்டி, ஒரு படத்தின் ஆள் இன்னொரு படத்தின் மரத்தடியில் நிற்கும்படி இணைத்திருக்கிறார்கள். நூற்கட்டுக் கலையைக் கற்பிக்கக் கேம்பிரிட்ஜ் நூற்கட்டுநர் ஒருவரின் மகள் வந்து ஓராண்டுக்கும் மேல் தங்கினார்.

முதல் தொகுப்பு 1630இல் முடிந்தது. 1633இல் அரசர் முதலாம் சார்ல்ஸ் அதைக் கேட்டு இரவல் வாங்கினார்; மாதக்கணக்கில் தரவில்லை. திரும்பி வந்தபோது ஓரங்களில் அரசரின் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன, கூடவே தனக்கும் ஒன்று வேண்டும் என்ற விண்ணப்பமும். 1635இல் அவருக்கானது தயாரானது. ராஜாக்கள், நாளாகமம் என்ற நூல்களை இணைத்து இன்னொன்றும் அவருக்குச் செய்தார்கள். இவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில். முதல் தொகுப்பு கடல் கடந்து ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்துக்குப் போய்விட்டது. அரண்மனைக்குப் போனதால்தான் இந்தப் பெண்களின் கைவேலை பிழைத்தது என்றும் சொல்லலாம். வீட்டிலேயே கிடந்திருந்தால் என்னவாகியிருக்குமோ. கத்தரி பிடித்த பெண்களை நெடுங்காலம் நிக்கலஸின் உதவியாளர்களாகவே எழுதிவந்தார்கள். அண்மைக் கால ஆய்வாளர்கள் அவர்களை நூலாசிரியர்களாகவே எண்ணத் தொடங்கியிருப்பது சரிதான். எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று முடிவெடுப்பது ஆசிரியர் வேலை.

அதே பெண்கள் 1631 முதல் ஒரு உரையாடல் வட்டமும் நடத்தினார்கள். ‘சிறு அகாடமி’ என்று பெயர். ஒவ்வொருவருக்கும் குணப்பெயர்: தலைவி, பொறுமைசாலி, உற்சாகவதி என்று. ஜானுக்குக் காவலர், நிக்கலஸுக்குப் பார்வையாளர். பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் ஏன் முடிதுறந்தார் என்பது அவர்கள் நாட்கணக்கில் அலசிய ஒரு பொருள். அதிகாரத்தை விடுவது பற்றி, அதிகாரத்தையும் பணத்தையும் ஓரளவு இழந்துவிட்ட வீட்டில் பேசியிருக்கிறார்கள்.

எல்லோரும் ஒரே குரலில் பாடவில்லை. ஜானின் மனைவி பாத்ஷெபாவுக்கு இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. தன் சகோதரருக்குக் குறைசொல்லிக் கடிதங்கள் எழுதினார். புனித வரலாற்றை எழுதியவர்கள் அவரைச் சண்டைக்காரியாகவே காட்டினார்கள். லண்டன் வீட்டின் எஜமானியாக இருக்க வேண்டியவர், மாமியார் தலைமையில், மைத்துனர் போட்ட மணிக்கணக்கில், ஆட்டு மேய்ச்சலின் நடுவில் வாழ வேண்டியதாயிற்று. அவர் எரிச்சலில் வியக்க ஒன்றுமில்லை.

நிக்கலஸ் 1637 டிசம்பர் 4 அன்று இறந்தார், அவர் வழக்கமாக எழும் ஒரு மணிக்கு. சில நாட்களுக்கு முன் அண்ணனை அழைத்து, தேவாலய வாசலிலிருந்து மேற்கே ஏழு அடி அளக்கச் சொன்னார்: அந்த ஏழடி மூத்தவரான உங்களுக்கு, அதற்கப்பால் எனக்கு. அந்த இடத்தில் முதலில் தன் மூன்று கூடைப் புத்தகங்களைக் கொளுத்தச் சொன்னார். நாடகங்கள், காதல் கதைகள், இளமையில் ஆசையாகச் சேர்த்தவை. புகையைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்தார், ஃபெரர் தன் மந்திரவாத நூல்களை எரிக்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மரணப் படுக்கையிலிருந்து அனுப்பிய கவிதைக் கையெழுத்துப்படியை 1633இல் கேம்பிரிட்ஜில் அச்சேற்றி ஆங்கில இலக்கியத்துக்குக் காப்பாற்றிக் கொடுத்தவரும் இதே நிக்கலஸ்தான். எந்தக் காகிதம் வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை.

பெயர் பொறிக்காத அந்த மேசைக் கல்லறை வாசலுக்கு எதிரே இன்றும் இருக்கிறது. உள்ளே போக வேண்டுமானால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இனி அரசியல். எட்வர்ட் லென்டன் என்ற வழக்கறிஞர் 1634 வாக்கில் இங்கே வந்து பார்த்து, நண்பருக்கு நயமான, ஓரளவு நடுநிலையான கடிதம் எழுதியிருந்தார். 1641இல் யாரோ அதைத் திரித்து, ‘ஆர்மினியக் கன்னிமடம்’ என்ற தலைப்பில், கத்தோலிக்கம் திருட்டுத்தனமாகப் புகுந்துவிட்ட வீடு என்று துண்டுநூலாக அச்சிட்டு நாடாளுமன்றத்தின் முன் வைத்தார்கள். லாடின் கட்சிக்கு எதிரான பியூரிட்டன் கோபம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. 1642 மார்ச்சில் லண்டனை விட்டு யார்க் நோக்கிப் போகும் வழியில் அரசர் இளவரசரோடு இங்கே இறங்கினார். விதவைகளின் அறைகளைப் பார்த்துவிட்டு, முந்தின இரவு சீட்டாட்டத்தில் ஜெயித்த காசைக் கொடுத்தார். பின்னாளில் இரண்டாம் சார்ல்ஸ் ஆன இளவரசர் ஆப்பிள் பை சாப்பிட்டார். அரசர் கடைசியாக வந்தது 1646 மே 2, இரவில். நாடாளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்று, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, ஸ்காட் படையிடம் சரணடையப் போய்க்கொண்டிருந்தார். தன் வீடு சந்தேகத்துக்குள்ளான வீடு என்று தெரிந்த ஜான், இருட்டிலேயே அவரை அருகிலிருந்த காப்பிங்ஃபோர்டுக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்தார்.

இதற்குத் தண்டனையாக நாடாளுமன்றப் படைவீரர்கள் வந்து வீட்டையும் தேவாலயத்தையும் சூறையாடினார்கள், ஆர்கனை உடைத்து நெருப்பு மூட்டி அதிலேயே ஃபெரர்களின் ஆடுகளைச் சுட்டுத் தின்றார்கள் என்று சொல்லப்படும் கதை பல வழிகாட்டி நூல்களில் உண்டு. கதை பீட்டர் பெக்கார்ட் 1790இல் வெளியிட்ட ஃபெரர் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவியது. நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பின்னால். ஆய்வாளர்கள் இதைச் சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. ஜானும் சூசன்னாவும் 1657இல் ஒருவர் பின் ஒருவராக இறக்கும்வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தார்கள். தேவாலயத்தின் பித்தளைச் சாமான்களும் தப்பியிருக்கின்றன. அவற்றைக் குளத்தில் எறிந்தார்கள், பிறகு எடுத்தார்கள் என்று இன்னொரு கதை சேர்ந்துகொண்டது. வீரர்கள் வந்து மிரட்டியிருக்கலாம். எதையாவது அள்ளிக்கொண்டும் போயிருக்கலாம். ஒரே நாளில் எல்லாம் நாசமாயின என்பது, மெதுவாக மங்கிய ஒன்றுக்கு நாடகமான முடிவு தேடுகிற மனத்தின் வேலை என்றே நினைக்கிறேன். தாய் 1634இல் போனார், நிக்கலஸ் 1637இல், மொழிகளில் மேதையாக வளர்ந்த அவர் பெயர்கொண்ட அண்ணன் மகன் 1640இல், இருபது வயதையொட்டி. ஒரு குடும்பம் நின்றுபோக இதுவே போதும்.

இன்று போய் நிற்பவர் காண்பது நிக்கலஸ் கண்ட தேவாலயம் இல்லை. முகப்பு 1714இல் பின்னாளைய ஜான் ஃபெரர் ஒருவர் கட்டியது. வாசல்மேல் இது தேவனுடைய வீடு, பரலோகத்தின் வாசல் என்று பொருள்படும் ஆதியாகம வாசகம். உள்ளே இருக்கைகள் கிழக்கு நோக்கி வரிசையாக இல்லாமல், கல்லூரிச் சிற்றாலயம்போல இரண்டு சுவர்களையும் ஒட்டி எதிரெதிராக ஓடுகின்றன. எதிரெதிர் அணியாகச் சங்கீதம் சொல்வதற்கு ஏற்ற அமைப்பு. 1848இல் பண்ணையை வாங்கிய வில்லியம் ஹாப்கின்சன் 1853இல் தேவாலயத்தைச் செப்பனிட்டார். நிக்கலஸ், முதலாம் சார்ல்ஸ் ஆகியோரின் மரபுச் சின்னங்களைக் கண்ணாடியில் பதித்தார், தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டார். பழைய பொருட்களில் பார்க்கத் தகுந்தவை இரண்டு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிறகு விரித்த பித்தளைக் கழுகு வடிவ வாசகமேடை. ஃபெரர்கள் செய்வித்த, பித்தளையாலான ஞானஸ்நானத் தொட்டி. அதன் மூடி மகுடம் போன்றது. ஃபெரர்கள் வாழ்ந்த வீடு இல்லை. இப்போது ஃபெரர் இல்லம் என்று தியானத்துக்கு வருகிறவர்கள் தங்கும் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணைவீடு.

ஊர் மறுபடி பேசப்பட்டது புனைவால். 1881இல் வெளிவந்து பரபரப்பாக விற்ற ஷார்ட்ஹவுஸின் ‘ஜான் இங்கிள்சன்ட்’ நாவலில் லிட்டில் கிடிங் வருகிறது. கதாநாயகன், காலெட் சகோதரிகளில் ஒருவரான மேரி காலெட்மீது காதல் கொள்கிறான். மணமே வேண்டாமென்று உறுதிகொண்ட மேரி காலெட் அதைப் படித்திருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருப்பார். எலியட் 1936 மே மாதம் ஒரு நாள் கேம்பிரிட்ஜ் நண்பர்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். தோற்ற அரசர் இரவில் வந்து சேர்ந்த காட்சி அவருக்கு ஏற்கெனவே பரிச்சயம். அதைப் பற்றி ஜார்ஜ் எவரி எழுதிய நாடகப் படியை அவர் படித்திருந்தார். கவிதை உருவானது ஆண்டுகள் கழித்து, ஜெர்மன் குண்டுகள் விழுந்த லண்டனில், எலியட் இரவுக் காவலராகக் கூரைமேல் நின்ற காலத்துக்குப் பின். உள்நாட்டுப் போரில் இரு தரப்பாக நின்றவர்களை ஒரே நினைவுக்குள் கொண்டுவர அவருக்கு இவ்விடம் உதவியது. 1946இல் லிட்டில் கிடிங் நண்பர்கள் என்ற சங்கம் தொடங்கப்பட்டபோது அவரும் துணைநின்றார். ஒதுங்கிய மூலை என்ற எண்ணத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. போரும் அரசியலும் கவிதைக்குள் இருக்கின்றன. வாசகர்கள்தாம் அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணத்தை உடைக்கப் போதுமான சான்று குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜானுக்கு இங்கே குடியேறிய பின் பிறந்த மகளுக்கு வர்ஜீனியா என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி போய் மூன்று ஆண்டுகள் ஆகியும் ஜானுக்கு அந்த நாட்டை மறக்க முடியவில்லை. 1651இல் அவர் வரைந்த வர்ஜீனியா வரைபடம் லண்டனில் அச்சானது. மேற்கு அதில் மேலே இருக்கிறது. ஜேம்ஸ் நதியின் தலைப்பிலிருந்து மலைகளைத் தாண்டிப் பத்து நாள் நடந்தால் சீனாவும் இண்டீஸும் இருக்கும் கடலுக்குப் போய்ச் சேரலாம் என்று வரைபடம் உறுதி சொல்கிறது. அந்தக் கரையில் ஆங்கிலக் கடலோடி டிரேக்கின் உருவமும் உண்டு. உண்மையில் இடையே ஒரு கண்டமே கிடக்கிறது. ஆட்டு மேய்ச்சலின் நடுவே உட்கார்ந்து கீழைநாட்டு வணிகத்துக்குக் குறுக்குவழி தேடிக்கொண்டிருந்தார் அந்தக் கிழவர். பின்னால் வந்த பதிப்புகளில் தொகுத்தவர் பெயராக மகள் வர்ஜீனியா ஃபெரரின் பெயரே பொறிக்கப்பட்டது.

மகளுக்குப் பட்டுப்புழு. புகையிலையை மட்டும் நம்பிய குடியேற்றம் உருப்படாது, பட்டு விளைய வேண்டும் என்பது ஃபெரர்களின் பழைய வாதம். புழுவை வீட்டுக்குள் தட்டுகளில் வைத்து, இலை பறித்துப் போட்டு வளர்க்க ஆட்கூலி கட்டுப்படியாகாது என்றார்கள் குடியேறிகள். 1652 மே மாதம் வர்ஜீனியா ஃபெரர் புழுக்களை வெளியே மரத்திலேயே விட்டுப் பார்த்தார். அவை தாமாகவே தின்று வளர்ந்தன. இந்தக் கண்டுபிடிப்பு உடனே துண்டுநூலாக வந்தது. 1655இல் சாமுவேல் ஹார்ட்லிப் அதை விரிவாக வெளியிட்டார். முகப்பில் இங்கிலாந்தில் ஓர் இளம்பெண் கண்டறிந்தது என்று குறிப்பிட்டார்கள். வர்ஜீனியாவின் தோட்ட உடைமையாளர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. சிலர் மல்பெரி நட்டதாகப் பதில் எழுதினார்கள். புகையிலையை யாரும் விடவில்லை. முதல் ஆப்பிரிக்கர்களை வர்ஜீனியாக் கரையில் இறக்கியது 1619 ஆகஸ்டில், ஜான் ஃபெரர் கம்பெனியின் துணைத்தலைவராக இருந்த ஆண்டில். கொண்டுவந்தது கம்பெனியின் கப்பல் இல்லையென்றாலும், புகையிலைக் காடுகளில் அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அடிமை உழைப்பு வேரூன்றிவிட்டது.

சூறையாடல் கதையைச் சொன்ன பெக்கார்ட், ஃபெரர் வம்சத்துப் பெண்ணை மணந்தவர். கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரித் தலைவர். பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த 1785இல் லத்தீன் கட்டுரைப் போட்டிக்கு அவர் கொடுத்த தலைப்பு, மனிதர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பது. பரிசு வாங்கிய தாமஸ் கிளார்க்சன் என்ற மாணவர் கட்டுரைக்காகப் படித்ததை மறக்க முடியாமல், வாழ்நாள் முழுவதையும் அடிமை வணிக ஒழிப்புக்கே கொடுத்தார். ஃபெரர்களின் கடிதக் கட்டுகளும் பெக்கார்ட் வழியாக மாட்லின் கல்லூரிக்குத்தான் வந்து சேர்ந்தன. வர்ஜீனியா கம்பெனியின் கணக்கு, பாத்ஷெபாவைப் பற்றிய சச்சரவு, பட்டுப்புழுக் கடிதங்கள் எல்லாம் அங்கே கலந்து கிடக்கின்றன.